நாற்பதாம் நாள் தாளில் இல்லாத பெயர்

டோல்னா ரெக்கா,
28 செப்டம்பர் 2003, ஞாயிறு

வெலிச்கா அக்காவுக்கு,

நான்கு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் 26ஆம் தேதி இங்கே மேயர் தேர்தல். நான் நிற்கிறேன். தண்ணீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது. ஊரில் எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. இருந்தும் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் விட முடிகிறது, கொலார்ஸ்கி மூன்று முறை மேயராக இருந்தும். எதிரே நிற்பது அவர் ஒருவர்தான்.

போன வாரம் ஊரில் எல்லார் வீட்டுக் கதவிடுக்கிலும் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தார்கள். ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பக்கம் இருப்பது அப்பா இறந்த அன்று நம் வாசலில் ஒட்டிய அஞ்சலித் தாள். அதன் கீழே "மகள்கள் வெலிச்கா, செவ்தா" என்று இருக்கிறது. வலது பக்கம் இருப்பது நாற்பதாம் நாளுக்கு ஒட்டியது. அதில் "மகள் செவ்தா" மட்டும். நடுவில் கொட்டை எழுத்தில், "நாற்பது நாளில் சொந்த அக்காவையே அழித்தவள், நம்மை என்ன செய்வாள்?" உன்னை வீட்டை விட்டுத் துரத்தி உன் பங்கை விழுங்கிவிட்டேன் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

என் தேர்தல் வேலைகளைப் பார்ப்பது டான்ச்சோ. பள்ளிக்கூடத்தில் கால்பந்து சொல்லிக்கொடுத்தாரே, அவர்தான். உன்னிடமிருந்து மூன்று வரி வாங்கச் சொல்கிறார். கிரீஸில் தங்குவதற்கான காகிதம் இல்லாமல் இருந்ததால் என் பெயரைப் போடவேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லை என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அதை அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்.

முடிந்தால் எழுதி, நம் ஊருக்கும் கிரீஸுக்கும் வண்டி ஓட்டும் மெதோதி வியாழக்கிழமை வண்டியைத் திருப்பும்போது அவனிடமே கொடுத்தனுப்பு.

உன் அறை பூட்டியபடியே இருக்கிறது. கூரைக்குப் புது ஓடு போட்டேன், உன் பக்கமும் சேர்த்து.

குடைமிளகாய் சுட்டு லூதெனித்சா கிண்டினேன். ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்.

செவ்தா


வோலோஸ்,
2 அக்டோபர்

செவ்தா,

நான்கு வருடம் கழித்து வந்த கடிதத்தைத் திறந்தால் டான்ச்சோவின் வியர்வை நாற்றம் அடிக்கிறது. "எந்த மனத்தாங்கலும் இல்லை" என்றெல்லாம் உனக்குப் பேச வராது. அந்த ஆள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாய்.

அந்த நாற்பதாம் நாள் தாளை நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வியாழக்கிழமை பிற்பகல் எங்களுக்கு லீவு. நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கடற்கரைப் பூங்காவில் கூடுவோம். எங்களில் ஒருத்திக்கு வீட்டிலிருந்து பாலாடைக்கட்டி வந்திருந்தது. பொட்டலத்தைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தவள் "ஐயோ, இது உங்கப்பா படம்டி, கசங்காம எடுத்து வச்சுக்கோ" என்று நீட்டினாள். படித்தேன். மகள் செவ்தா இருந்தது. உன் வீட்டுக்காரர் பெயர் இருந்தது, பாவம், அப்போது உயிரோடிருந்தார். அப்பாவின் தங்கை மகன்கள் இருந்தார்கள். கடைசியில் "மற்றும் அண்டை வீட்டார்" என்றிருந்தது. அப்பாவோடு வேலித் தகராறு செய்து பதினோரு வருடம் பேசாமலிருந்த தோத்தா கிழவிக்கு அந்தத் தாளில் இடம் இருந்தது. எனக்கு இல்லை.

மூன்று வரி கேட்கிறாய். எழுத மாட்டேன். பெயரை எடுக்கச் சொன்னது நானில்லை. அடக்கத்துக்கு மூன்றாம் நாள் உன்னிடம் பேசலாம் என்று போன் செய்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய்.

நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் பழைய கப்பல் தலைவர் கப்பித்தான் ஸ்தாமாதிஸுக்கு இடது பக்கம் வராது, வாய் மட்டும் நன்றாக வரும். உன் நோட்டீஸைக் காட்டி அர்த்தம் சொன்னேன். "உன் தங்கச்சி தோத்துடுவா, இதுக்குப் பதில் சொல்ல ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டா யார் காத்திருப்பா?" என்றார். நான்கு வருடமென்று திருத்தினேன்.

டான்ச்சோவை ஒரு மணி நேரம் வெளியே அனுப்பிவிட்டு எனக்கு எழுது. பெயரை ஏன் எடுத்தாய்? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

லூதெனித்சாவில் உப்பு கம்மி. ஒரே வேளையில் தின்றுவிட்டேன்.

வெலிச்கா


டோல்னா ரெக்கா,
5 அக்டோபர், ஞாயிறு

அக்கா,

டான்ச்சோ ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கப் போயிருக்கிறார். நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அன்றைக்கு அடக்கம் ஒரு மணிக்கு என்று தாளில் போட்டிருந்தோம். நீ பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, மெதோதி வண்டியில் வருகிறேன், நான் வராமல் பெட்டியை மூடிவிடாதே என்று அழுதாய். அதனால் மூடவில்லை. கல்லறை வாசலில் நின்றேன். பாதிரியார் இரண்டு முறை வந்து, "எவ்வளவு நேரம்மா, எனக்கு மேல ஊர்ல ஒரு ஞானஸ்நானம் இருக்கு" என்றார். மழை தூற ஆரம்பித்தது. அப்பா முகத்தில் விழாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மணிக்கு மெதோதியின் வண்டி வந்தது. கதவு திறந்து ஒரு மூட்டை வெங்காயமும் இரண்டு பேரும் இறங்கினார்கள். மெதோதி தலையைக் குனிந்தபடி, "அவங்க வரல" என்றான். மூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் உன் போன் வந்தது. நீ சொல்வதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாற்பதாம் நாளுக்கு அச்சகத்தில் போய் உட்கார்ந்தேன். அச்சுக்காரர் பழைய தாளைப் பார்த்து, "மகள்கள் ரெண்டு பேரு, அப்படியே போட்டுடலாமா?" என்றார். "ஒண்ணு போதும்" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. காகிதமும் காரணமில்லை, வீடும் காரணமில்லை. கோபம். மறுநாளே தெருவில் ஒட்டிய ஒவ்வொன்றையும் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. அப்பா படத்தை எப்படிக் கிழிப்பது? ஆறாம் மாதம், முதல் வருடம் என்று ஒட்டிய தாள் எல்லாவற்றிலும் அதே அச்சையே வைத்தேன். முதலில் கோபம், பிறகு கூச்சம். பெயரைத் திரும்பப் போட்டால் ஊர் காரணம் கேட்குமே.

இப்போது கேட்கிறது. குழாயைப் பற்றிப் பேசப் போனால், "அது இருக்கட்டும், அக்கா எங்கே?" என்கிறார்கள். ரொட்டிக் கடையில் வரிசை என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிறது.

டான்ச்சோ கொலார்ஸ்கியின் அம்மாவைப் பற்றி ஒரு நோட்டீஸ் தயார் செய்து வந்தார். அந்த அம்மாவை மூன்று ஊர் தள்ளி ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு இரண்டு வருடமாகப் போய்ப் பார்க்கவில்லையாம். படம்கூட எடுத்துவிட்டார், அதில் அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். "அவன் அடிச்சா நாமளும் அடிக்கணும், கால்பந்துல கோல் வாங்கிட்டு கை கட்டி நிப்பியா?" என்றார். அந்தப் படத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அந்தக் கிழவி நம் வீட்டில் வந்து ரொட்டி தின்றிருக்கிறாள்.

மூன்று வரி வேண்டாம். உன்னைப் பொய் சொல்லச் சொன்னதற்கு மன்னித்துவிடு. பெயரை எடுத்ததற்கு எப்படிக் கேட்பதென்று இன்னும் தெரியவில்லை.

நீ ஏன் வரவில்லை அக்கா?

செவ்தா

இந்தப் பாட்டிலில் உப்பு சரியாக இருக்கும்.


வோலோஸ்,
9 அக்டோபர்

என் செவ்தா,

குடை பிடித்தாய் என்று படித்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். கப்பித்தான் உள்ளேயிருந்து "என்ன ஆச்சு, யாரு செத்தா?" என்று கத்திக்கொண்டே இருந்தார். எங்கப்பா என்றேன். "அவர் நாலு வருஷம் முன்னாடியே செத்துட்டாரே" என்றார். எனக்கு இப்போதுதான் செத்தார்.

நான் வந்தேன் செவ்தா. கிளம்பி வந்தேன்.

அப்பா போய்விட்டார் என்று போன் வந்த அன்று, செத்தவர் பேரில் ஆளுக்கொரு கரண்டி கொடுப்போமே, அந்தக் கோதுமையை வேகவைத்தேன். சர்க்கரை, வால்நட் எல்லாம் போட்டு, நம் அம்மா செய்வது மாதிரி. பெரிய டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மெதோதி வண்டியில் ஏறினேன். தெசலோனிக்கி தாண்டும்வரை அழுதுகொண்டு வந்தேன், அதற்குப் பிறகு பயம் வந்துவிட்டது. அப்போது எனக்கு ஒரு காகிதமும் கிடையாது. எல்லையில் கடவுச்சீட்டைப் பார்த்தால் இனி ஐந்து வருடம் கிரீஸுக்குள் வரக்கூடாதென்று தடை முத்திரை குத்துவான். டோல்னா ரெக்காவில் பஞ்சாலையை மூடியாகிவிட்டது. திரும்பி வந்து நான் என்ன செய்வேன், உன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பேனா?

எல்லாரிடமும் காகிதம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் முழுசாகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர் எனக்கென்று ஒரு சிவப்பு முட்டையை எடுத்து வைப்பார் என்று நீதான் எழுதுவாய். அவரை இனிப் பெட்டிக்குள் பார்க்கவேண்டும் என்று நினைத்ததும் கால் வரவில்லை. எல்லைக்கு முந்தைய ஊர் சிதிரோகாஸ்த்ரோ. அங்கே வண்டி நின்றபோது இறங்கிவிட்டேன். மெதோதியிடம் சத்தியம் வாங்கினேன், இங்கே இறங்கினேன் என்று யாரிடமும் சொல்லக்கூடாதென்று. பாதி வழி வந்துவிட்டுத் திரும்பினாள் என்று தெரிந்தால் உனக்கு இன்னும் வலிக்கும் என்று நினைத்தேன்.

பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி அடித்தது. டப்பாவைத் திறந்து ஒரு டிக்கெட் கொடுப்பவருக்கு, ஒரு சிப்பாய்ப் பையனுக்கு, முட்டைக்கோஸ் மூட்டை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு என்று ஆளுக்கொரு கரண்டி கொடுத்தேன். அவர்களுக்கும் இந்த வழக்கம் உண்டல்லவா, ஒருத்தரும் என்ன ஏதென்று கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் "பேர் என்ன?" என்றாள். "ஆஸென்" என்றேன். "ஆஸெனை ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டாள். நீ வாசலில் நின்ற நேரமெல்லாம் நான் அந்த பெஞ்சில்தான் இருந்தேன்.

மேயர் வேலையை விடாதே. கொலார்ஸ்கிக்கு என் பெயர் மேல் திடீரென்று என்ன அக்கறை? பஞ்சாலையை மூடி எங்களையெல்லாம் பஸ் ஏற்றிவிட்டபோது என் பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. என்னை வைத்து உன்னை அடிக்க விடமாட்டேன். டான்ச்சோ கேட்ட மூன்று வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். பொய்தான். தங்கைக்காகச் சொல்கிற பொய்யைத் தன்னுடைய கப்பலில் யாரும் பொய்யில் சேர்த்ததில்லை என்கிறார் கப்பித்தான். அது போதாதென்றால் கோதுமைக் கதையையும் சொல்லிக்கொள். அடித்து விடு, ஜெயித்து வா.

வெலிச்கா

கூரைக்கு என்ன நிற ஓடு?


டோல்னா ரெக்கா,
19 அக்டோபர், ஞாயிறு

அக்கா,

பழைய சிவப்பு ஓடுதான்.

உன் கடிதத்தை வாங்கியதும் நேராக மெதோதியிடம் போய், "சிதிரோகாஸ்த்ரோ" என்று மட்டும் சொன்னேன். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "நாலு வருஷமா ஒவ்வொரு தடவையும் அந்த நிலையத்தைத் தாண்டும்போது உன் மூஞ்சிதான் ஞாபகம் வரும்" என்றான். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

புதன்கிழமை பண்பாட்டு மன்றத்தில் என்னையும் கொலார்ஸ்கியையும் மேடையில் ஏற்றினார்கள். நாற்காலி போதாமல் ஜன்னலில் எல்லாம் ஆட்கள். உன் மூன்று வரி என் கைப்பையில் இருந்தது. முதல் அரை மணி நேரம் குழாய், மணல் சாலை, மருத்துவர் இல்லாத மருத்துவமனை. பிறகு கொலார்ஸ்கி அந்த நோட்டீஸை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "நான் ஒண்ணும் சொல்லல. ஊரே படிச்சிருக்கு. அந்தப் பேரு எங்க போச்சுன்னு அம்மையார் சொல்லட்டும்" என்றார்.

டான்ச்சோ முதல் வரிசையிலிருந்து கைப்பையைக் காட்டி ஜாடை செய்துகொண்டே இருந்தார்.

கைப்பையைத் திறக்கவில்லை. "நோட்டீஸ்ல இருக்கறது நிஜம். பேரை எடுத்தது நான்தான். கோவத்துல எடுத்தேன், தப்புப் பண்ணினேன். வீட்டுல அவ பங்கு அப்படியே இருக்கு, பத்திரத்தைப் போய்ப் பாத்துக்கலாம். மன்னிப்புக் கேக்க வேண்டியவகிட்டக் கேட்டுக்கறேன். அது கொலார்ஸ்கி இல்ல, நீங்களும் இல்ல. இனி அவளைப் பத்தி இங்க பேசமாட்டேன். தண்ணியப் பத்திக் கேளுங்க" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ரொட்டிக்கடை ஸ்லாவ்கா எழுந்து, "எங்க தெருவுக்கு எப்பத் தண்ணி வரும்?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொன்னேன்.

கோதுமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா. சொல்லியிருந்தால் பாதி அரங்கம் அழுதிருக்கும், அது எனக்குத் தெரியும். அது அப்பாவுக்கென்று நீ செய்தது. அதைக் காட்டி ஓட்டுக் கேட்க என்னால் முடியாது.

டான்ச்சோ வெளியே வந்ததும் கத்தினார். "கையில கோல் இருக்கு, கோல்கீப்பர் இல்ல, நீ பந்தை எடுத்து எதிராளிக்குக் கொடுத்துட்டு வர்ற" என்றார். அடுத்த யோசனையும் தயாராக வைத்திருந்தார். வியாழக்கிழமை 23ஆம் தேதி அப்பாவின் நான்காம் வருடம். உன் பெயரைச் சேர்த்துப் புதுத் தாள் அடித்து, ஓட்டுக்கு மூன்று நாள் முன்னால் ஊரெல்லாம் ஒட்டிவிட்டால் நோட்டீஸுக்கு அதுவே பதிலாம். கேட்டபோது சரியென்றுதான் தோன்றியது. அச்சகத்துக்கும் போனேன். "மகள்கள்" என்று நானே சொன்னேன். அச்சுக்காரர் இந்த முறையும் நிமிர்ந்து பார்த்தார், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

தாள்கள் அலமாரியில் இருக்கின்றன. வியாழக்கிழமை ஒட்டப்போவதில்லை. ஓட்டுப்பதிவு முடிந்த பிறகுதான் ஒட்டுவேன். உன் பெயரைக் கோபத்துக்காக எடுத்தேன், ஓட்டுக்காகத் திரும்பப் போடமாட்டேன். அப்பா நாளில் வாசல் வெறுமையாக இருந்தால் அதற்கும் ஒரு நோட்டீஸ் வரும், அப்பனையே மறந்தவள் என்று. வரட்டும். நான்கு நாள் தாமதத்துக்கு அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்றுதான் பயமாக இருக்கிறது.

செவ்தா


வோலோஸ்,
23 அக்டோபர், அப்பா நாள்

செவ்தா,

காலையில் கோதுமை வேகவைத்தேன். கப்பித்தான் இரண்டு கிண்ணம் தின்றுவிட்டு, "உங்கப்பா இன்னும் அடிக்கடி சாகலாம்" என்றார். வாயில் கரண்டியாலேயே ஒன்று போட்டேன்.

என்னைக் கேட்டால், இன்றைக்கே ஒட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஜெயித்தாளே என்றும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் என்றைக்காவது ஒருநாள், கோபம் வரும்போது, ஓட்டுக்குத்தானே போட்டாள் என்று நானே உன்னைக் குத்தியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். சின்னவளாக இருந்தபோது என் கையிலிருந்து கத்திரிக்கோலைப் பிடுங்குவாயே, அதே மாதிரி.

நான்கு வருடம் காத்திருந்தவளுக்கு நான்கு நாள் பெரிதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. என் பெயர் முதலில் வரவேண்டும். நான் மூத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் உன் நினைப்பாகவே இருப்பேன். சாப்பிட்டுவிட்டு ஓட்டுப் போடப் போ.

உன் அக்கா


டோல்னா ரெக்கா,
27 அக்டோபர், திங்கள்

அக்கா,

மெதோதி ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவேன் என்று நேற்றைய பயணத்தை இன்றைக்குத் தள்ளிவிட்டான். வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். அவசரமாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குப் பசை வாளியோடு கிளம்பினேன். முதலில் நம் வாசல் கதவு. பிறகு ரொட்டிக் கடைக்கு எதிரே இருக்கும் மரம், தேவாலயத்துப் பலகை, பஞ்சாலைச் சுவர், பஸ் நிறுத்தம். பஸ் நிறுத்தத்தில் கொலார்ஸ்கி தேர்தல் போஸ்டரில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் ஒட்டவில்லை, பக்கத்தில் ஒட்டினேன். ஸ்லாவ்கா கடையை விட்டு இறங்கி வந்து, மாவுக் கையோடு நின்று படித்தாள். "வெலிச்கா" என்று சத்தமாகப் படித்தாள். பிறகு, "நேத்தே ஒட்டியிருந்தா என்னடி?" என்றாள். நேற்று ஓட்டு நாள் என்றேன். அவள் என் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, தூக்கிக்கொண்டு நின்ற ஒரு மூலையை அவளே அழுத்தி ஒட்டினாள்.

தாளில் எழுதியிருப்பது இது:

"நீங்கள் இல்லாத நான்கு வருடம். ஆஸென். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒரு முட்டை எடுத்து வைத்தவர். மகள்கள் வெலிச்கா, செவ்தா."

அண்டை வீட்டாரை இந்த முறை விட்டுவிட்டேன். தோத்தா கிழவி படித்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

முப்பத்தொரு ஓட்டில் தோற்றுவிட்டேன் அக்கா. வியாழக்கிழமை ஒட்டியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று டான்ச்சோ கணக்குப் போட்டுக் காட்டினார், காட்டிவிட்டு என் தோளில் தலையை வைத்து அழுதார். நானும் அழுதேன். வருத்தமில்லை என்று உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. அந்தக் குழாய்களை நான்தான் மாற்றவேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். டிராயரில் இருந்த படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாகிவிட்டது. சாயங்காலம் கொலார்ஸ்கிக்கு வாழ்த்துச் சொல்லப் போவேன், மேல் தெருவில் ஒழுகும் மூன்று இடங்களையும் எழுதி எடுத்துப் போவேன்.

மேயர் ஆகியிருந்தால் வருகிற ஞாயிறு பதவியேற்பு வேலையெல்லாம் இருந்திருக்கும். இப்போது ஒன்றுமில்லை. மெதோதி வண்டியில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். மதியம் ஒரு மணிக்குள் சிதிரோகாஸ்த்ரோ வந்துவிடும் என்கிறான். கப்பித்தானிடம் ஒருநாள் லீவு கேட்டு நீயும் அங்கே வா. அன்றைக்கு நான் கல்லறை வாசலில் நின்றேன், நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். இந்த முறை ஒரே இடத்தில் இருப்போம்.

ஒரு தாளை ஒட்டாமல் மிச்சம் வைத்திருக்கிறேன், அந்தப் பஸ் நிலையத்துச் சுவருக்கு. பசை நான் கொண்டுவருகிறேன். கோதுமை நீ கொண்டுவா.

செவ்தா